மலையுச்சியை வானுக்கு உயர்த்தியவர்

கொழும்பு – கண்டி வீதியில் கடுகண்ணாவைக் கணவாயை ஏறிக் கடந்து பேராதனையை நோக்கிச் செல்வோர் இடையில் பிலிமத்தலாவையைக் காண்பர். பின்னே அலகல்லையும் பத்தலேகலையும்; முன்னே ஹந்தானை மலைத்தொடர். கண்ணுக்கு இவை விருந்து. வானலைகளுக்கோ இவை மதிற்சுவர்கள். 1982 பெப்ரவரி 15ஆம் திகதி ரூபவாஹினி தன் ஒளிபரப்பைத் தொடங்கிய பின்னர், மலைநாட்டு வீடுகளில் அன்ரனாவை நெடிய மூங்கிலில் கட்டி ஒருவர் திருப்புவதும், படம் தெளிந்ததா இல்லையா என்று மற்றொருவர் வாசலில் நின்று குரல் கொடுப்பதும் அன்றாடக் காட்சியாக இருந்தன. நடுவயதைக் கடந்த எவரும் அதனை மறந்திருக்க மாட்டார்கள்.

இதற்கான காரணம் எளிதானது. தொலைக்காட்சியும் பண்பலை வானொலியும் பயன்படுத்துகின்ற உயர் அதிர்வெண் அலைகள் பெரும்பாலும் நேர்கோட்டிலேயே செல்கின்றன. பூமியோ உருண்டை. ஆகவே எவ்வளவு உயரத்தில் நிற்கின்றோமோ அவ்வளவு தூரத்துக்கே நமது அலை எட்டும். நிற்கும் உயரத்தை மீற்றரில் எடுத்து அதன் வர்க்கமூலத்தை நான்கால் பெருக்கினால், அலை தடையின்றிச் செல்லும் தூரம் ஏறத்தாழக் கிலோமீற்றரில் கிடைத்துவிடும். ஒன்பது மீற்றர் உயரக் கூரையில் இருந்து பன்னிரண்டு கிலோமீற்றர். 2,243 மீற்றர் உயரமுள்ள சிவனொளிபாதமலையின் உச்சியில் இருந்து நூற்றுத் தொண்ணூறு கிலோமீற்றர். நாட்டின் ஆக உயர்ந்த சிகரமான 2,524 மீற்றர் பீதுருதலாகலையின் உச்சியில் ரூபவாஹினியின் அலைபரப்பி நிறுவப்பட்டதற்கும் இதுவே காரணம்.

இந்த எளிய கணக்கை ஒரு விளையாட்டாகவே ஆக்கிக்கொண்டவர்கள் அமெச்சூர் வானொலியாளர்கள். வருமானம் கருதாது, சொந்த ஆர்வத்தினால் அனுமதிப்பத்திரம் பெற்று அலைபரப்புவோர் இவர்கள். 2002 மார்ச் மாதத்தில் பிரித்தானியாவில் ஜோன் லின்போர்ட் என்பவர் முறைப்படுத்திய மலையுச்சி வானொலித் திட்டம் பின்னர் பல நாடுகளுக்கும் பரவியது. சிறிய அலைபரப்பியையும் பற்றரியையும் கம்பியையும் தன் முதுகிலேயே சுமந்து சிகரத்தை அடைய வேண்டும். வாகனத்தில் இருந்தவாறு பேசுதல் கூடாது; எரிபொருள் மின்பிறப்பாக்கியும் கூடாது. உச்சியில் இருந்து குறைந்தது நால்வருடனாவது தொடர்பு கொண்டாற்றான் புள்ளி கிடைக்கும். மலையேறும் கால்களும் மின்னியல் அறிந்த கைகளும் ஒருவரிடமே அமைய வேண்டிய அரிய கலை இது.

உச்சியில் நின்று உலகுக்குச் செய்தி சொல்லும் வேட்கை புதியதன்று. பிலிமத்தலாவைக்கு அருகே, நான்காம் புவனேகபாகு மன்னன் காலத்தில், தென்னாட்டுச் சிற்பி கணேசுவராசாரியின் கைவண்ணத்தில் கடலாதெனிய விகாரை எழுந்தது 1344ஆம் ஆண்டில். அதே ஆண்டில்தான் மொரோக்கோ நாட்டு யாத்திரிகர் இப்னு பதூதா புத்தளத்தில் கரையிறங்கினார். யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்தி வழங்கிய துணைவர்களுடனும் சுமையாளர்களுடனும் அவர் பாவா ஆதம் மலைக்கு ஏறினார். பாறையில் பிணைத்த சங்கிலிகளைப் பற்றி ஏறியதையும், அவற்றுள் ஒன்றன் அருகே நின்று கீழே நோக்குவோர் அச்சத்தால் கலிமாவை மொழிவதையும் அவர் தம் பயண நூலில் பதிந்துள்ளார். ஆனால் அந்தச் செய்தி பெஸ் நகரில் ஏட்டில் ஏறிய ஆண்டு 1355. உச்சிக்கும் உலகுக்கும் இடையே பதினோர் ஆண்டுகள். 1953 மே 29ஆம் திகதி டென்சிங்கும் ஹிலாரியும் எவரெஸ்ட்டை வென்ற செய்தியோ, நாம்சே பஜார் வரை அஞ்சலோட்டக்காரரின் கால்களிலும் அங்கிருந்து இந்தியப் பொலிஸாரின் வானொலியிலும் பயணித்து, ஜூன் முதலாம் திகதி இரவு இலண்டனை எட்டிவிட்டது.

இந்த இடைவெளியை முற்றாகவே இல்லாதொழிக்க ஒரு வழி உண்டு என்று கணக்கிட்டுக் காட்டியவர், தம் வாழ்நாளின் பெரும்பகுதியை நமது நாட்டிலேயே கழித்து, நமது மண்ணிலேயே அடங்கினார். அவர்தான் ஆதர் சி. கிளார்க். விஞ்ஞானப் புனைகதை எழுத்தாளர் என்றே அவரைப் பலரும் அறிவர். மலைநாட்டவராகிய நாம் அவரை வேறொரு வகையில் அறிந்திருக்க வேண்டும் என்பது நமது கருத்து. மலையுச்சியில் அலைபரப்பியை வைத்தால் தொலைவு பெருகும் என்றால், அந்த மலையை இன்னும் உயர்த்தினால் என்ன என்று கேட்டவர் அவர்.

1917 டிசம்பர் 16ஆம் திகதி இங்கிலாந்தின் சமர்செட் மாவட்டத்தில், மைன்ஹெட் என்னும் கடற்கரைச் சிற்றூரில் அவர் பிறந்தார். தந்தையார் சார்ள்ஸ் தபால் திணைக்களப் பொறியியலாளர்; தாயார் நோரா தந்தி அலுவலர். செய்திகளைக் கடத்துவதே அந்தக் குடும்பத்தின் தொழில் என்று கூறினும் தகும். அவர் தமது எட்டாவது பிறந்த நாளைக் கண்ட அதே 1925 டிசம்பர் 16இல்தான் கொழும்பு வானொலி தன் ஒழுங்கான ஒலிபரப்பைத் தொடங்கியது. எட்வர்ட் ஹார்ப்பர் என்னும் தந்திப் பொறியியலாளரின் முயற்சி அது. வெறும் தற்செயல்தான், ஆயினும் சொல்லாமற்போக மனம் வரவில்லை.

முதலாம் உலகப் போரில் நச்சுவாயுவினால் உடல் தளர்ந்திருந்த தந்தையார் 1931இல் காலமானார். தாயார் பண்ணையை நடத்தி நான்கு பிள்ளைகளை வளர்த்தார். வறுமையிற் சிறுவன் தன் கைகளையே நம்பினான். பழைய வில்லைகளைக் கொண்டு தொலைநோக்கி செய்து சந்திரனின் முகத்தை வரைபடமாக்கினான். ஒளிக்கற்றையின் மீது குரலை ஏற்றி அனுப்பும் கருவி ஒன்றையும் வீட்டிலேயே அமைத்தான். உறவினரின் கிராமத் தபாலகத்தில் இரவு வேளையில் தொலைபேசி இணைப்புப் பலகையைக் கவனித்த அனுபவமும் அவனுக்கு உண்டு. பல்கலைக்கழகம் செல்ல வசதி இல்லாமையால் 1936இல் இலண்டனுக்குச் சென்று அரசாங்கக் கணக்காய்வுத் திணைக்களத்தில் எழுதுவினைஞரானார். பகலில் கணக்குப் புத்தகம். மாலையில் பிரித்தானியக் கோளிடைச் சங்கத்தின் கூட்டம். சந்திரனுக்கு மனிதன் செல்வான் என்று அன்று பேசியவர்களைப் பெரும்பாலோர் எள்ளி நகையாடினர்.

1941இல் வான்படையில் சேர்ந்தமையே அவருடைய வாழ்வின் திருப்பம். அங்கு அவருக்குக் கிடைத்த பணி, மூடுபனியில் வழி தெரியாது தவிக்கும் விமானங்களை ராடார் உதவியுடன் தரையிறக்கும் புதிய முறையில் பயிற்சி அளிப்பதாகும். விமானிக்குக் கண் தெரியாது. தரையிலுள்ளவர் திரையைப் பார்த்து, சற்று இடப்புறம், இன்னும் கீழே என்று வானொலியிற் சொல்லச் சொல்ல, அந்தக் குரலையே கைத்தடியாகக் கொண்டு அவர் ஓடுபாதையைத் தொடுவார். போரில் அழிப்பதற்கே அறிவியல் பயன்பட்ட காலத்தில், உயிர் காக்கும் ஒரு மூலையில் இருக்க அவருக்கு வாய்த்தது.

அந்தச் சீருடையில் இருந்தபோதே, 1945 ஒக்டோபர் மாதத்து வயர்லெஸ் வேர்ல்ட் சஞ்சிகையில் அவருடைய கட்டுரை வெளியாயிற்று. பூமத்தியரேகைக்கு நேர் மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீற்றர் உயரத்தில் ஒரு கலத்தைச் சுற்றவிட்டால், அது பூமியைச் சுற்றிவரும் நேரமும் பூமி தன்னைத் தான் சுற்றும் நேரமும் ஒன்றாகிவிடும். எனவே கீழிருந்து பார்ப்பவருக்கு அது வானத்தில் ஓரிடத்தில் அசையாது நிற்கும். நிலைத்து நிற்கும் ஒன்று மலைக்குச் சமம். அதன் மீது ஓர் அஞ்சல் நிலையத்தை வைத்தால் பூமியின் ஐந்தில் இரு பங்குக்கு மேல் அதன் பார்வைக்குள் வரும். மூன்றை வைத்தால் துருவப் பகுதிகள் தவிர உலகு முழுவதும் வந்துவிடும். இதுவே அக்கட்டுரையின் சாரம்.

முழு உண்மையையும் சொல்வதாயின், அந்தச் சுற்றுப்பாதையை முதலிற் கண்டவர் அவர் அல்லர். ஹெர்மன் பொட்டொச்னிக் என்னும் பொறியியலாளர் 1928இலேயே அதனை விளக்கியிருந்தார். அங்கிருந்து உலகெங்கும் ஒலி, ஒளிபரப்பை அஞ்சல் செய்யலாம் என்று கணக்குடன் காட்டியதே கிளார்க்கின் பங்கு. அவருக்கும் ஒன்று புலப்படவில்லை. அக்காலத்து வானொலிக் கருவிகள் வெற்றிடக் குழாய்களால் ஆனவை. அவை அடிக்கடி பழுதாகும். ஆகவே அந்த வான் நிலையங்களில் மனிதர்கள் தங்கியிருந்து குழாய்களை மாற்ற வேண்டிவரும் என்றே அவர் எண்ணினார். மலையுச்சிக் காவலர்களைப் போல மூவிடத்தில் மனிதக் குடியிருப்புகள்! திரான்சிஸ்ரர் வந்து அந்தத் தேவையை நீக்கிவிட்டது.

கட்டுரைக்கு அவர் பெற்ற சன்மானம் பதினைந்து பவுண். காப்புரிமை கோரவில்லை. தமது ஓய்வு நேரத்தில் நூறு கோடி டொலரை இழந்த கதை என்று பின்னாளில் அதைப் பற்றித் தாமே நகைச்சுவையாகக் கட்டுரை எழுதினார். 1964இல் சின்கொம் – 3, 1965 ஏப்ரல் 6இல் ஏர்லி பேர்ட் என அவரது கணக்கு இருபது ஆண்டுகளுக்குள் உருவெடுத்தது. இன்று அந்தச் சுற்றுப்பாதை கிளார்க் பாதை என்றும் அழைக்கப்படுகின்றது. 1985இல் அரப்சாட் செய்மதிகள் ஏவப்பட்டதும் அதே பாதைக்குத்தான். றமழான் இரவுகளில் மக்காவின் ஹரம் ஷரீபிலிருந்து நேரடியாக வரும் தராவீஹ் தொழுகையை மலைநாட்டு இல்லங்களில் இருந்து காண்பது செய்மதிகளால் கைகூடியதே. இலண்டன், ரொறன்ரோ, சென்னைத் தமிழ் ஒலிபரப்புகள் நம் வீட்டுக்கு வந்ததும் அவ்வாறே.

போருக்குப் பின்னர் இலண்டன் கிங்ஸ் கல்லூரியில் 1948இல் பட்டம் பெற்று எழுத்தாளராகிவிட்ட கிளார்க், 1954 டிசம்பரில் அவுஸ்திரேலியா செல்லும் வழியில் கொழும்பில் சில மணி நேரம் தங்கினார். 1956இல் நண்பர் மைக் வில்சனுடன் திரும்பி வந்தார். பின்னர் இந்நாடே அவருடைய வீடாயிற்று. வானைப் பற்றி எழுதியவரை இங்கு ஈர்த்தது கடல். நீருக்குள் உடல் எடையை இழப்பது விண்வெளியில் மிதப்பதற்கு நிகர் என்று அவர் கருதினார்.

அந்தக் கடற்பயணங்களில் இரண்டு நமது வாசகர்களுக்கு நெருக்கமானவை. முதலாவது திருகோணமலையில் நிகழ்ந்தது. போர்த்துக்கேயர் பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இடித்துக் கடலில் தள்ளிய கோணேசர் ஆலயத்தின் தூண்களையும் கற்களையும் 1956இல் சுவாமி மலையின் அடியில் வில்சனும் கிளார்க்கும் மூழ்கிக் கண்டனர். சுயம்புலிங்கம் ஒன்றை வில்சன் மீட்டமையை ஈழத்துச் சைவர்கள் இன்றும் நன்றியுடன் நினைவுகூர்கின்றனர். இரண்டாவது 1961இல், தென்கிழக்குக் கடலிலுள்ள பெரிய இராவணன் கோட்டைப் பாறைத் திட்டில் வில்சனின் குழுவினர் கண்ட வெள்ளி நாணயங்கள். கட்டி கட்டியாக இறுகிக் கிடந்த அவை, மொகலாயப் பேரரசர் ஔரங்கசீப்பின் ஆட்சியில், ஹிஜ்ரி 1113ஆம் ஆண்டில் (கி.பி. 1702) சூரத் நகரில் அச்சிடப்பட்ட பாரசீக எழுத்துப் பொறித்த ரூபாய்கள். கோயிற் கல்லையும் பாதுஷாவின் காசையும் ஒரே குழுவினர் நமக்கு மீட்டுத் தந்தனர்.

1962இல் கிளார்க் கடும் நோயுற்றார். தலையில் அடிபட்டதன் பின்னர் உடல் செயலிழந்தது. அது இளம்பிள்ளை வாதம் எனப் பின்னர் தெரியவந்தது. நடை மீண்டது, ஆனால் பழைய வலிமை மீளவில்லை. ஆண்டுகள் கழித்து அதன் பின்விளைவு திரும்பி வந்து அவரைச் சக்கர நாற்காலியில் அமர்த்தியது. மலையுச்சி அவருடைய கால்களுக்கு எட்டாததாயிற்று. அவருடைய புகழ்பெற்ற நாவல்களுள் மலையையே நடுவாகக் கொண்டது அதன் பின்னரே எழுதப்பட்டது என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

1979இல் வெளியான சொர்க்கத்தின் நீரூற்றுகள் என்னும் அந்த நாவலில், இலங்கை தப்ரபேன் எனும் பழம்பெயருடன் வருகின்றது. கதையின் தேவைக்காகத் தீவைத் தெற்கே பல நூறு கிலோமீற்றர் நகர்த்திப் பூமத்தியரேகையில் வைத்தார். சிவனொளிபாதமலையின் உயரத்தை இரு மடங்காக்கினார். அந்த உச்சியில் இருந்து நிலைத்த சுற்றுப்பாதை வரை ஒரு கோபுரத்தை எழுப்பி, அதில் மின்தூக்கி போல மனிதர் ஏறிச் செல்வதே கதை. ஆனால் உச்சியில் பிக்குகளின் மடம் இருக்கின்றது. மலையை விட்டு அகல அவர்கள் இணங்குவதில்லை. வண்ணத்துப் பூச்சிகள் உச்சியை அடையும் நாளில் மடம் கைவிடப்படும் என்பது தொன்மொழி. சமனலகந்த என்னும் சிங்களப் பெயரிலேயே வண்ணத்துப் பூச்சி உண்டு அல்லவா? கதையிற் புயலொன்று அவற்றை உச்சிக்குக் கொண்டு சேர்க்கின்றது.

கிளார்க் சமய நம்பிக்கை அற்றவர். தமது இறுதிச் சடங்கில் எச்சமயக் கிரியையும் வேண்டாம் என எழுதி வைத்தவர். அந்த நோக்கு நமது வாசகர்களுக்கு உடன்பாடானதன்று. எனினும் நான்கு சமயத்தவரும் தத்தமது பெயரால் வணங்கி ஏறும் ஒரு மலையை, பூமி வானத்தைத் தொடத்தக்க ஒரே இடமாக அவர் தேர்ந்தெடுத்தார். அந்த மலையின் உரிமையாளரை மூடர்களாக அவர் சித்திரிக்கவும் இல்லை.

1975இல் இந்தியா, அமெரிக்கச் செய்மதி ஒன்றின் துணையுடன் ஆறு மாநிலங்களில் 2,400 கிராமங்களுக்குக் கல்வித் தொலைக்காட்சியை ஓராண்டு பரிசோதனையாக வழங்கியது. அவ்வேளை இந்திய விண்வெளிப் பொறியியலாளர்கள் கொழும்பு வந்து, கிளார்க்கின் வீட்டுக் கூரையில் ஒரு பெரும் கிண்ண அன்ரனாவைப் பொருத்திச் சென்றனர். நமது நாட்டில் தொலைக்காட்சி நிலையமே இல்லாத காலம் அது. முப்பது ஆண்டுகளுக்கு முன் தாளில் வரைந்த மலையுச்சியில் இருந்து வந்த படத்தைத் தம் வீட்டிலேயே அவர் பார்த்தார். குருவின் வாசலுக்குச் சென்று காணிக்கை வைப்பது போன்ற அந்தச் செயல் இந்தியப் பொறியியலாளர்களின் பண்பைக் காட்டுகின்றது. 1979 முதல் 2002 வரை மொரட்டுவைப் பல்கலைக்கழகத்தின் வேந்தராக அவர் விளங்கினார். அருகே கட்டுபெத்தையில் அவருடைய பெயரால் நவீன தொழில்நுட்ப நிலையமும் அமைந்தது.

தொடர்பு பெருகினால் பகை குறையும், மனித குலம் ஒரு குடும்பமாகும் என்று அவர் உறுதியாக நம்பினார். அவர் வாழ்ந்த தீவே அந்த நம்பிக்கையைச் சோதித்தது. வடக்குக்கு ஒளிபரப்பை வழங்கிய கொக்காவில் கோபுரம் 1990இல் போரில் அழிந்தது. 174 மீற்றர் உயரமான புதிய கோபுரம் அங்கு எழ 2011 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அலையைத் தடுப்பது மலை மட்டுமன்று. அவர் கணக்கில் இதற்கு இடமில்லை. அது அவருடைய சிந்தனையின் குறை என்றே நாம் எண்ணுகின்றோம். 2007 டிசம்பரில் தொண்ணூறாவது பிறந்த நாளில் அவர் மூன்று விருப்பங்களை வெளியிட்டார். வேற்றுலக உயிர்களுக்குச் சான்று, தூய எரிசக்தி ஆகியவற்றுடன் இலங்கையில் நிலையான சமாதானம் என்பதும் அவற்றுள் ஒன்று.

2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை ஹிக்கடுவையில் இருந்த அவருடைய சுழியோடி நிலையத்தை அழித்தது. அன்று கரையோரத் தொலைபேசிகள் பல செயலிழந்தன. ஹம்பாந்தோட்டைக்கு விரைந்த இலங்கை அமெச்சூர் வானொலியாளர் சிலர், கார் பற்றரியில் இயங்கும் சிற்றலைக் கருவியைக் கொண்டு கொழும்புடன் தொடர்பை ஏற்படுத்திக் கொடுத்தனர். அந்தமானிலும், அதே வாரத்தில் பொழுதுபோக்காக அலைபரப்பச் சென்றிருந்த பாரதி பிரசாத்தின் குழுவினரே தீவுக்கும் வெளியுலகுக்கும் இடையில் செய்தி கடத்தினர். வானிலே செய்மதிகள் பல இருந்தும், பயிற்சி பெற்ற மனிதரும் ஒரு பற்றரியும் ஒரு துண்டுக் கம்பியுமே அந்த நாட்களில் கைகொடுத்தன. மண்சரிவு அபாயம் உள்ள கண்டி மாவட்டத்தில், மலையேறும் கால்கள் உள்ள நமது இளைஞருள் எத்தனை பேரிடம் அந்த அனுமதிப்பத்திரம் உள்ளது என்று பாடசாலைகளும் பள்ளிவாசல் நிர்வாகங்களும் ஆலய சபைகளும் கேட்டுப் பார்க்க வேண்டும்.

2005இல் நாட்டின் அதியுயர் விருதான ஸ்ரீலங்காபிமான்ய அவருக்கு வழங்கப்பட்டது. 2008 மார்ச் 19ஆம் திகதி கொழும்பில் காலமான கிளார்க், பொரளை கனத்தை மயானத்தில், 1977இல் வீதி விபத்தில் மறைந்த நண்பர் லெஸ்லி ஏக்கநாயக்கவின் அருகே அடக்கம் செய்யப்பட்டார். மலையின் கதையை அவர் காணிக்கையாக்கியிருந்ததும் அந்த நண்பருக்கே.

அதன் பின்னர் நிகழ்ந்த ஒன்றை அவர் அறிந்திருந்தால் மகிழ்ந்திருப்பார். 2018 நவம்பர் 15ஆம் திகதி கட்டார் நாடு ஏவிய எஸ்ஹேல் – 2 செய்மதியில், அமெச்சூர் வானொலியாளர்களுக்கென ஓர் அஞ்சற் கருவி இணைக்கப்பட்டது. கிளார்க் பாதையில் அவர்களுக்குக் கிடைத்த முதலாவது இடம் அதுவே. கீழ்த்திசை நாடுகள் முதல் பிரேசில் வரை அதன் பார்வைக்குள் அடங்குகின்றன, இலங்கையும் அடங்குகின்றது. பிலிமத்தலாவையில் ஒருவர் தம் வீட்டுக் கூரையிலுள்ள சிறு கிண்ண அன்ரனாவை மேற்கே, அடிவானத்தில் இருந்து ஏறத்தாழ 27 பாகை உயரத்துக்குத் திருப்பினால், அலகல்லையும் ஹந்தானையும் அவருக்குத் தடையாக இரா. தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் பரீட்சையில் சித்தியெய்தி, 4எஸ்7 எனத் தொடங்கும் அழைப்புக் குறியொன்றைப் பெற்றிருந்தாற் போதும்.